துணி அறையில் பத்து நிமிடம்

தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டியிருந்த அந்த அறுபது படுக்கை மருத்துவமனையில் காலை ஷிப்ட் ஏழு மணிக்கு ஆரம்பிக்கும். ஆறு ஐம்பதுக்கெல்லாம் ஸ்டாஃப் நர்ஸ் தபீதாள் முதல் மாடிக் கோடியில் இருந்த துணி அறைக்குள் போய்விடுவாள். வெளுத்து வந்த போர்வைகளும் தலையணை உறைகளும் கூரை வரை அடுக்கிக் கிடக்கிற சின்ன அறை. மூன்று பேர் நின்றால் நான்காவது ஆள் கதவோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அங்கே நின்றபடியே பத்து நிமிடம் ஜெபம் செய்வாள்.

யாரையும் அவள் கூப்பிட்டதில்லை. ரத்தப் பரிசோதனை பார்க்கிற எட்மண்ட் தினமும் வருவான். மற்றவர்கள் மனசுக்குத் தோன்றியபோது வருவார்கள். உள்ளே வரத் தயங்குகிறவர்கள் வாசலில் நின்று, "சிஸ்டர், எங்க வீட்டுக்காரருக்கு இன்னிக்கு ஆபரேஷன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களானாலும் பெயர் சொல்லி ஜெபிப்பாள். மத்தியானம் மறக்காமல் தேடிப்போய், "என்னாச்சு?" என்று கேட்பாள். ஜெபத்தைவிட அந்தக் கேள்விக்காகத்தான் பாதிப் பேருக்கு அவளைப் பிடிக்கும்.

கன்னியம்மா ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை. முடிச்சூரிலிருந்து வருகிற ஆயா அவள். வயது நாற்பத்தைந்து இருக்கும். அங்கே பதினோரு வருஷ வேலை. துணி அறைக்கு வெளியே வராந்தாவைத் துடைக்கிற நேரம் அது.

"தெனம் அதே நேரத்துக்கு அதே சாமியாண்ட போய் நிக்கிறியே சிஸ்டர், அவரு பேஜாராய்ட மாட்டாரா?" என்று கேட்பாள்.

"அவரு பொறுமைசாலிக்கா."

"எனுக்கு அவ்ளோ பொறுமை இல்ல. காலை எடு, தொடைக்கணும்."

1993 ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் பதினோரு மணி டீ நேரத்துக்கு, மருத்துவமனையின் சொந்தக்காரரான டாக்டர் ஸ்ரீரங்கன் கையில் ஒரு கடிதத்தோடு டீ அறைக்குள் வந்தார். ஊழியர்களோடு உட்காருகிற வழக்கம் அவருக்கு இல்லை. எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

பத்தொன்பதாம் தேதி ஆண்கள் வார்டில் காய்ச்சலோடு சேர்ந்த ஒரு லாரி டிரைவரை மறுநாளே மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கிருந்து வந்த கடிதம் அது. அவருக்கு எய்ட்ஸ் கிருமி இருப்பதாக எழுதியிருந்தது.

"அவருக்குப் போட்ட ஊசி யார் கையிலயாவது குத்திச்சா?" என்று டாக்டர் கேட்டார்.

மேட்ரன் ரத்தினபாய் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். கண்டிப்பானவர், சின்ன விபத்தானாலும் எழுதி வைப்பவர். பத்தொன்பதாம் தேதிப் பக்கத்தில் அவரே எழுதியது இருந்தது. ஆயா கன்னியம்மா, தட்டு கழுவும்போது வலது ஆள்காட்டி விரலில் ஊசி குத்தியது. டிடி தடுப்பூசி போடப்பட்டது. காரணம்: ஊழியரின் கவனக்குறைவு.

எல்லோரும் கன்னியம்மாவைப் பார்த்தார்கள். பெஞ்சுப் பக்கத்தில் அவளை ஒட்டி நின்றிருந்த சரசு ஓர் அடி தள்ளி நின்றாள். அவளும் ஆயாதான், பத்து வருஷமாகக் கன்னியம்மாவோடு ஒரே பஸ்ஸில் வருகிறவள்.

"இன்னா சார், எனுக்கு வந்துட்ச்சா?"

"இப்பச் சொல்ல முடியாதும்மா. இன்னிக்கு ஒரு டெஸ்ட், மூணு மாசம் கழிச்சு ஒரு டெஸ்ட் எடுக்கணும். ரெண்டாவதுலதான் உறுதியாத் தெரியும். ஒரு தடவை குத்தினதுல வர்றதுக்கு வாய்ப்பு ரொம்ப ரொம்பக் கம்மி."

கன்னியம்மாவின் காதில் விழுந்தது மூன்று மாதம் என்பது மட்டுந்தான்.

மறுநாள் டீ நேரத்துக்கு அவள் வந்தபோது அலமாரியில் அவளுடைய எவர்சில்வர் டம்ளர் இல்லை. ஜன்னல் ஓரமாக ஓர் அலுமினியக் குவளை தனியாக இருந்தது. சரசு குனிந்த தலை நிமிராமல், "அதுல குடிச்சுக்க கன்னியம்மா, கோச்சிக்காதே, எங்க வூட்லயும் கொயந்தைங்க கீது" என்றாள். டீயில், டம்ளரில், தொட்டால் எல்லாம் அது வராது என்று எட்மண்ட் ஆனமட்டும் சொன்னான். யாரும் டம்ளரை எடுத்துக் கொடுக்கவில்லை. கன்னியம்மா டீ குடிக்காமலே திரும்பிப் போனாள்.

மாடிப்படிக்குக் கீழே வாளிகளும் துடைப்பங்களும் வைக்கிற மூலையில் அவள் உட்கார்ந்திருப்பதைத் தபீதாள் கண்டுபிடித்தாள்.

"அக்கா, பயப்படாதீங்க. கர்த்தர் கைவிட மாட்டார். உங்களுக்கு ஒண்ணும் வராது."

கன்னியம்மா நிமிர்ந்து பார்த்தாள். "வராதுன்னு உங்க சாமி உன்னாண்ட சொன்னாரா?"

தபீதாள் கீழே கிடந்த துடைப்பத்தை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"சொல்லியிருந்தா சொல்லு, நம்பறேன். இல்லைன்னா சொம்மா சொல்லாதே."

தபீதாள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். டீ நேரம் முடிகிற வரைக்கும் அப்படியே இருந்துவிட்டு வார்டுக்குப் போனாள். மறுநாளும் அதே மாதிரி வந்து உட்கார்ந்தாள்.

மூன்றாம் நாள் கன்னியம்மாவே ஆரம்பித்தாள். "பேரு சொல்லிக் கேப்பியே சிஸ்டர், எனுக்குன்னா இன்னா கேப்பே?"

"நீங்க சொல்லுங்கக்கா. என்ன கேக்கணும்?"

"நோவு வரக்கூடாதுன்னு கேக்காதே. அத்த எங்காத்தாகிட்ட கேட்டுக்கினேன், அவ பாத்துக்குவா. உங்க சாமிகிட்ட வேற ஒண்ணு கேளு. இதுங்க எல்லாம் எங்கூட குந்தி டீ குடிக்கணும். முன்ன மாதிரி."

மறுநாள் காலை துணி அறையில் எட்மண்ட் பக்கத்தில் நிற்க, தபீதாள் கண்ணை மூடினாள். கன்னியம்மாவின் பெயரைச் சொன்னாள். பத்தொன்பதாம் தேதி என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அன்றைக்கு ஆண்கள் வார்டில் இருந்தது அவள்தான். லாரி டிரைவருக்கு ஊசி போட்டுவிட்டு ஊசியைத் தட்டில் வைத்தாள். அதே நிமிஷம் பக்கத்து வார்டில் ஒரு குழந்தைக்கு வலிப்பு என்று குரல் கேட்டது. பஞ்சை அதன் மேல் போட்டுவிட்டு ஓடினாள். ஒரு மணி நேரம் கழித்து வந்தபோது தட்டு கழுவித் துடைத்து இடத்தில் இருந்தது. அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை. பஞ்சுக்குள் ஊசி இருப்பது தெரியாமல் கன்னியம்மா அதை அள்ளியிருக்கிறாள்.

ஜெபத்தை முடிக்காமலே அவள் வெளியே வந்துவிட்டாள். டியூட்டி நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

அன்று சாயங்காலம் சிட்லபாக்கத்தில் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கணவன் தயாளனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பள்ளிக்கூட வாத்தியார் அவன். நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தவன் பேனாவை மூடினான்.

"அந்தக் குழந்தை பிழைச்சுதா?"

"பிழைச்சுது."

"அப்போ நீ ஓடினது தப்பில்லை."

"ஓடினது தப்பில்லைங்க. திரும்பி வந்து ஊசி எங்கேன்னு கேக்காதது தப்பு. பழியை அவங்க மேல எழுதி வெச்சிருக்காங்க. நான் போய் அவங்க பக்கத்துல உக்காந்து ஆறுதல் சொல்லிட்டிருக்கேன்."

"சொன்னா வேலை போகலாம்."

"தெரியும்."

தயாளன் நோட்டுகளை அடுக்கி ஓரமாக வைத்தான். "சொல்லாம அந்த ரூம்ல போய் நிக்க முடியுமா உன்னால?"

"முடியாது."

"அப்புறம் என்ன, போய்ச் சொல்லு. நான் இருக்கேன்."

மறுநாள் மாடிப்படிக்குக் கீழே, கன்னியம்மாவுக்கு எதிரில் நின்றுகொண்டே தபீதாள் சொன்னாள். சாக்குப்போக்கு எதுவும் சேர்க்கவில்லை. குழந்தைக்கு வலிப்பு வந்ததைக்கூடக் கடைசியில், ஒரே வாக்கியத்தில் சொன்னாள்.

கன்னியம்மா தன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "போ சிஸ்டர்" என்றாள்.

நான்கு நாள் அவள் தபீதாளோடு பேசவில்லை. வராந்தாவில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தபீதாள் தினமும் டீ நேரத்துக்குப் படிக்கட்டு வரைக்கும் போனாள். அழைக்காமல் உட்கார மனசு வராமல் எட்டவே நின்றுவிட்டுத் திரும்பினாள். எட்மண்ட் துணி அறையில் தனியாக நின்று ஜெபித்தான். தபீதாள் ஏன் வருவதில்லை என்று அவன் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் கன்னியம்மா கையைக் காட்டிக் கூப்பிட்டாள்.

"உங்க சாமியாண்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்க்கா."

"மன்னிச்சுட்டாரா?"

"மன்னிச்சிருப்பார்னு நம்புறேன்."

"அவருக்கின்னா, ஈஸியா மன்னிச்சுடுவாரு. ஊசி குத்தினது என் கையில." கன்னியம்மா விரலை நீட்டிக் காட்டினாள். "அந்த நோட்டுல என் கவனக்குறைவுன்னு எழுதிக்கீதாம். வார்டுல வேலை செய்றாரே தொரை, அவரு படிச்சுச் சொன்னாரு. நான்தான் கண்ட எடத்துல கையை வுட்டுத் துழாவுனேன்னு எல்லாம் பேசிக்கினு கீதுங்க. நோவு வந்தா வந்துட்டுப் போவுது. பதினோரு வருசம் ஒயுங்கா வேலை செஞ்சிகீறேன் சிஸ்டர். நீ மெய்யாலுமே சாமி கும்பிடறவளா இருந்தா, எல்லாரு எதிர்லயும் சொல்லு."

"இன்னிக்கே சொல்றேன்க்கா."

பதினோரு மணிக்குத் தபீதாள் டாக்டர் ஸ்ரீரங்கனையும் மேட்ரனையும் டீ அறைக்கு வரும்படி கேட்டுக்கொண்டாள். பதிவேட்டையும் அவளே எடுத்து வந்தாள். வார்டில் வேலை பார்க்கிற துரை, சரசு, எட்மண்ட், இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். கன்னியம்மா நிலைப்படியில் நின்றாள்.

"பத்தொன்பதாம் தேதி அந்த ஊசியைத் தட்டுல விட்டுட்டுப் போனது நான்," என்றாள் தபீதாள். "பஞ்சு போட்டு மூடினதும் நான். கன்னியம்மாக்கா கவனக்குறைவா இருக்கலை. பஞ்சுக்குள்ள ஊசி இருக்கும்னு யாரும் நினைக்க மாட்டாங்க. இதுல அவங்க தப்புன்னு எழுதியிருக்கு. அதை அடிச்சுட்டு என் பேரை எழுதணும்."

"தபீதாள், யோசிச்சுப் பேசு," என்றார் மேட்ரன்.

"அஞ்சு நாளா யோசிச்சுட்டேன் மேடம். என்ன நடவடிக்கை எடுத்தாலும் ஏத்துக்கறேன்."

டாக்டர் அவளையே பார்த்தார். "சிஸ்டர், நீங்க சொல்லலைன்னா இது யாருக்குமே தெரிஞ்சிருக்காது."

"கன்னியம்மாக்காவுக்குத் தெரிஞ்சிருக்கும் சார். தன் மேல தப்பில்லைன்னு அன்னிக்கே அவங்களுக்குத் தெரியும். அவங்களைத்தான் யாரும் கேக்கலை."

டாக்டர் ஸ்ரீரங்கன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பதிவேட்டில் அந்த வரியை அடித்தார். தபீதாளின் பெயரை எழுதினார். அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதி, எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார்: "துப்புரவு ஊழியர்களுக்குக் கையுறை வழங்காதது நிர்வாகத்தின் தவறு." கையெழுத்துப் போட்டு மூடினார்.

"ரெண்டு தப்புல ஒண்ணு என்னது," என்றார். "இனிமே ஊசி போட்டவங்கதான் அந்த ஊசியைத் தகர டப்பாவுல போடணும். ஒவ்வொரு வார்டுலயும் மூடி போட்ட டப்பா இருக்கும். ஆயாக்கள் எல்லாருக்கும் கையுறை. தபீதாள் சிஸ்டர், இது ஒழுங்கா நடக்குதான்னு பாக்கறது உங்க பொறுப்பு. அதான் நடவடிக்கை."

அப்போது மேட்ரன் ரத்தினபாய் எழுந்தார். ஜன்னலுக்குப் போய் அந்த அலுமினியக் குவளையை எடுத்தார். கெட்டிலிலிருந்து அதில் டீ ஊற்றினார். நின்றபடியே இரண்டு மடக்குக் குடித்தார்.

"கேக்காம கொள்ளாம எழுதினது நான்," என்றார். குரலில் வழக்கமான அதட்டல் கொஞ்சமும் குறையவில்லை. "இந்தக் குவளை இனிமே எனக்கு. அவங்க டம்ளரை யார் எடுத்து வெச்சீங்களோ, கொண்டாங்க."

சரசு ஓடினாள். பாத்திரக் கூடையின் அடியில் ஒளித்து வைத்திருந்த டம்ளரை எடுத்து வந்து, டீ ஊற்றி, இரண்டு கையாலும் கன்னியம்மாவிடம் நீட்டினாள். நீட்டும்போதே அழுதுவிட்டாள். கன்னியம்மா அவளைப் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள். துரை நகர்ந்து இடம் கொடுத்தார். எல்லோர் கையிலும் டீ வந்தது.

கன்னியம்மா ஒரு வாய் குடித்தாள். "சக்கரை கம்மியாக் கீது" என்றாள்.

அத்தனை பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவள் தபீதாளைப் பார்த்து, "டீ விசயத்துல உங்க சாமி சொன்ன பேச்சு கேக்கறாரு சிஸ்டர்" என்றாள். தபீதாள் தலையை ஆட்டினாள்.

மறுநாள் காலை ஆறு ஐம்பதுக்குத் துணி அறைக்குப் போனால் உள்ளே இடமில்லை. எட்மண்டுக்குப் பக்கத்தில் சரசு, அவளுக்குப் பின்னால் துரை, கதவோரம் இரண்டு நர்சுகள். மேட்ரன் போர்வை அடுக்கில் சாய்ந்து நின்றிருந்தார். கன்னியம்மா மட்டும் வராந்தாவில் துடைப்பக் கட்டையை ஊன்றிக்கொண்டு நின்றாள். "நான் உள்ள வரல. இங்கேருந்தே கேக்குது, நீ ஆரம்பி" என்றாள்.

அந்த வாரம் முழுக்க அது பெருகியது. முந்தி யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தார்கள். துரை, தன் மகன் வீட்டை விட்டுப் போய் இரண்டு வருஷமாகிறது என்றார். ஒரு நர்ஸ் மூன்று முறை கர்ப்பம் கலைந்ததைச் சொன்னாள். தபீதாள் எல்லோருக்கும் ஜெபித்தாள். ஆனால் இப்போது "எல்லாம் சரியாயிடும்" என்று மட்டும் அவள் வாயிலிருந்து வருவதில்லை. "நான் கூட இருக்கேன்" என்பாள். சொன்னபடி இருப்பாள். கூட்டம் தாங்காமல் போகவே மாதக் கடைசியில் மொட்டை மாடிக்கு இடம் மாற்றினார்கள். டாக்டர் அதற்கான சாவியைத் தானே கொண்டுவந்து கொடுத்தார்.

முதல் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தும் கன்னியம்மாவுக்குக் கெட்ட நாட்கள் இருந்தன. லேசாகக் காய்ச்சல் அடித்தால் போதும், அதுதான் என்று உட்கார்ந்துவிடுவாள். அப்போதெல்லாம் சரசு பஸ்ஸில் அவள் கையைப் பிடித்துக்கொண்டே வருவாள். மத்தியானத்தில் தபீதாள் பக்கத்தில் வந்து உட்காருவாள்.

நவம்பர் கடைசியில் இரண்டாவது பரிசோதனையின் முடிவை வாங்க இருவரும் மின்சார ரயிலில் மெட்ராஸ் போனார்கள். ஆய்வுக்கூடத்தில் ஒட்டிய கவரைக் கொடுத்தார்கள். அங்கே பிரிக்க வேண்டாம் என்றாள் கன்னியம்மா. திரும்பி ஸ்டேஷனுக்கு வந்து, பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மழை விட்டு வெயில் அடித்தது.

"இரு, பிரிக்காதே. ஒரு ஜெபம் பண்ணு."

"என்ன கேக்கட்டும்க்கா?"

"ஒண்ணியும் கேக்க வோணாம். மூணு மாசத்துல என்னைத் தனியா வுடல இல்ல, அதுக்கு நன்றி சொல்லு. எங்காத்தாவுக்கு நான் சொல்லிக்கினேன்."

தபீதாள் சொன்னாள். பிறகு கவரைக் கிழித்தாள். கன்னியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் தாளைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லைக்கா. கிருமி இல்லை. சுத்தமா இல்லை."

கன்னியம்மா சிரித்தாள். பிளாட்பாரத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சிரித்தாள். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். ரயில் வந்து நின்றது; ஏறாமல் விட்டார்கள். அடுத்த ரயிலும் போயிற்று. மூன்றாவதில்தான் ஏறினார்கள். சைதாப்பேட்டை வருவதற்குள் எதிரே உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் கன்னியம்மா முழுக் கதையையும் சொல்லி முடித்திருந்தாள்.

அவர்கள் மருத்துவமனைக்குள் நுழைந்தபோது எட்மண்ட் வாசலிலேயே நின்றிருந்தான். கன்னியம்மாவின் நடையைப் பார்த்தே உள்ளே திரும்பி ஓடினான். ஒரு வார்டிலிருந்து அடுத்த வார்டுக்குக் கைத்தட்டல் போயிற்று. விவரம் தெரியாத நோயாளிகளும் சேர்ந்து தட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை கன்னியம்மா முடிச்சூரில் அவளுடைய அம்மனுக்குப் பொங்கல் வைத்தாள். பத்து மணிக்கு இரண்டு தூக்குகளோடு நர்சுகளின் டியூட்டி அறைக்கு வந்தாள். பெரிய தூக்கைச் சரசுவிடம் கொடுத்து எல்லோருக்கும் கொடுக்கச் சொன்னாள். சின்னதைத் தபீதாளின் மேசையில் வைத்தாள்.

"இது படைக்கறதுக்கு மின்னாடியே தனியா எடுத்து வெச்சது. சாமிக்கு வெச்சத நீங்க துண்ண மாட்டீங்கன்னு தெரியும். இத்த உனுக்குன்னு எடுத்தாந்தேன். எட்மண்ட் சாருக்கும் மேட்ரனம்மாவுக்கும் இதுலயே கீது."

தபீதாள் மூடியைத் திறந்தாள். நெய் வாசனை அறை முழுக்கப் பரவியது. இன்னும் சூடு ஆறவில்லை. கையாலேயே எடுத்துச் சாப்பிட்டாள். கன்னியம்மா பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு கவளத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரவுண்ட்ஸுக்கு டாக்டர் வர நேரமாச்சு, எல்லாரும் வார்டுக்குப் போங்க," என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்த மேட்ரன் ரத்தினபாய், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தூக்கைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.